நாலாம் மேசைத் தலைவலி

முதலாளி காலையில் கடைக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை நட்சத்திரம் படிப்பது. பத்தரை மணிக்கு வேலையாட்களைக் கல்லாவுக்கு எதிரே வரிசையாக நிறுத்துவார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செல்போனைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, முந்தின நாள் சாப்பிட்டுப் போனவர்கள் கடையைப் பற்றி எழுதியதை உரக்கப் படிப்பார். ஐந்து நட்சத்திரத்துக்கு ஒரு குரல், ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு குரல். இரண்டாவது, எழவு சொல்ல வந்தவன் குரல் மாதிரி இருக்கும்.

வரிசை என்று பேர்தான். நிற்பது மூன்றே பேர். மேசை கவனிக்கிற ரயிலு. சூப்பு காய்ச்சுகிற மாஸ்டர், ரயிலின் வீட்டுக்காரர். இறைச்சியும் தழையும் நறுக்குகிற பையன், பட்டப்பேர் கத்தி. ரயிலுக்கு அந்தப் பேர் அவள் நடையால் வந்தது. இரண்டு கையிலும் முழங்கைவரை கிண்ணங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் சேர வேண்டிய மேசையில்தான் நிற்பாள். நடுவில் யாராவது காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் அது அவர் தலையெழுத்து.

அது வியட்நாம் நூடுல்ஸ் கடை. முதலில் நடத்தியவர் ஒரு வியட்நாம்காரம்மா. அவர் ஊர் திரும்பியபோது கடையை இந்த முதலாளிக்குக் கைமாற்றிவிட்டுப் போனார். பெயர்ப்பலகை, நாலு பெரிய பானை, மாஸ்டர் மூன்றும் கடையோடு சேர்ந்து கைமாறின.

அன்றைக்கு எழவுக் குரல்.

“சாப்பாடு பரவாயில்லை. ஆனால் பின்சந்தில் நடமாட முடியவில்லை. விடிந்ததிலிருந்து மதியம்வரை கருகல் நாற்றம். குடியிருக்கும் மனிதர்களை நினைத்துப் பார்க்க மாட்டார்களா? ஒரு நட்சத்திரம்.”

படித்துவிட்டு முதலாளி கண்ணாடியைக் கீழே இறக்கி மாஸ்டரைப் பார்த்தார்.

கருகல் என்று எழுதியிருந்தது வெங்காயத்தையும் இஞ்சியையும்தான். இரண்டையும் தோலோடு கரி நெருப்பில் போட்டு, மேலே கறுத்து உள்ளே இளகும்வரை சுட்டு, தோலைச் சுரண்டிவிட்டுப் பானையில் போட வேண்டும். எலும்பு சத்தைக் கொடுக்கும். அன்னாசிப்பூவும் பட்டையும் வாசத்தைக் கொடுக்கும். நாக்கின் அடியில் போய் உட்காருகிற அந்தத் தித்திப்பு சுட்ட வெங்காயத்தில்தான் இருக்கிறது. அதற்காகப் பின்கதவுக்கு வெளியே, சந்தில், ஒரு வாளியடுப்பு விடியலிலிருந்து மதியம்வரை கனன்றுகொண்டிருக்கும்.

“மாஸ்டர், அடுப்பை உள்ள எடுத்து வெச்சிருங்க” என்றார் முதலாளி.

“உள்ளயா? கோழிக்கூண்டு மாதிரி இருக்கு அந்த ரூம்பு. நானும் பானையும் நின்னா மூணாவது ஆள் மூச்சு விட முடியாது.”

“மூணாவது ஆள் யாரு வரப்போறா? வாசனை வெளிய போகக்கூடாது, அவ்வளவுதான். சன்னலுக்கும் தகரம் அடிச்சிரச் சொல்லியிருக்கேன்.”

“புகை?”

“கரியில ஏதுங்க புகை? வெறகா எரிக்கிறீங்க?”

கரி நன்றாகப் பிடித்துக்கொண்டால் புகை வராது என்பது மாஸ்டருக்கும் தெரிந்ததுதான்.

“தெய்வம் சொல்லிருச்சு, தகரம் அடிக்க வேண்டியதுதான்” என்றாள் ரயிலு, கலைந்து போகும்போது. வாடிக்கையாளர்தான் தெய்வம் என்று முதலாளி வாரத்துக்கு நாலு தரம் சொல்வார். “இந்தத் தெய்வத்துக்குக் கை கால் எல்லாம் சின்னது. நாக்கு மட்டும் நீளம்.”

மதியமே ஒரு ஆள் வந்து சன்னலை முழுசாக மூடித் தகரத்தை அறைந்துவிட்டுப் போனான். விளிம்பு இடுக்குகளில் சாக்குத்துணியைச் சுருட்டிச் சொருகினான். வேலை சுத்தம். ஒரு கொசு நுழைய முடியாது. பின்கதவுக்கும் தானாகச் சாத்திக்கொள்கிற மாதிரி ஒரு கம்பிச்சுருள் மாட்டினான். வியட்நாம்காரம்மா காலத்திலிருந்து அந்தக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்த அரைச் செங்கல்லைச் சந்தில் எறிந்தான்.

சூப்பறைக்கும் சாப்பிடும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சுவர். சுவரில் கிண்ணம் நீட்ட ஒரு சதுரத் துவாரம். துவாரத்துக்கு நேர்கீழே நாலாம் மேசை, பக்கத்தில் ஐந்தாம் மேசை. கிண்ணம் தயாரானதும் மாஸ்டர் கரண்டியால் பானை விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவார். டங், டங். ரயிலு எங்கே நின்றாலும் அதற்குத் திரும்புவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிட அந்தக் கரண்டியால் கூப்பிட்டதுதான் அதிகம்.

தகரம் அடித்து நாலாவது நாள், முதலாவது தலைவலி வந்தது.

நாலாம் மேசையில் ஒரு பாடப்புத்தக வியாபாரி. பெரிய கிண்ணம் வாங்கினார். மெல்லிசாகச் சீவிய பச்சை மாட்டிறைச்சியை நூடுல்ஸ் மேல் பரப்பி, அதன் தலையில் கொதிக்கிற சூப்பை ஊற்றிக் கொடுப்பதுதான் வழக்கம். சூப்பின் சூட்டிலேயே இறைச்சி வெந்துவிடும். அவர் எலுமிச்சை பிழிந்து, முளைப்பயறு தூவி, தழையைக் கிள்ளிப் போட்டு, ரசித்துத்தான் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. செல்போனில் யாருடனோ அரை மணி நேரம் விலைப்பட்டியல் பேசினார். பிறகு நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, சூப்புல என்ன போடறீங்க?”

“எலும்பு, வெங்காயம், இஞ்சி, பட்டை. ஏன் சார்?”

“அஜினமோட்டோ போடறீங்களா?”

“சிட்டிகை.”

“அதான் பார்த்தேன். மண்டை விண்ணு விண்ணுங்குது.”

மறுநாள் காலை அது எழவுக் குரலில் வாசிக்கப்பட்டது. இரண்டு நட்சத்திரம். மாஸ்டர் உள்ளே போய் அஜினமோட்டோ டப்பாவைக் கொண்டுவந்து குப்பைக்கூடையில் வைத்தார்.

“வைக்கிறதுதான் வைக்கிறீங்க, போட்டுட்டுப் போங்களேன். என்னமோ பொணத்தை இறக்கி வைக்கிற மாதிரி வைக்கிறீங்க” என்றான் கத்தி. அவன் வேலை செய்யும் பலகை கல்லாவுக்குப் பின்னால், வாசல் பக்கம் இருந்தது. வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்த்து வாயாடுவது அவன் சம்பளத்தில் சேர்த்தி.

அஜினமோட்டோ போனது. தலைவலி போகவில்லை.

ஐந்தாம் மேசையில் ஒரு புருஷன் பெண்டாட்டி. மனைவிக்குக் குமட்டியது, கிண்ணத்தில் பாதியை வைத்துவிட்டாள். இறைச்சி பழசு என்று எழுதினார்கள். மாஸ்டர் இறைச்சிக்காரரை மாற்றினார். நாலாம் மேசையில் நாலு கல்லூரிப் பெண்கள், யாருக்கோ பிறந்தநாள் என்று ஒன்றரை மணி நேரம் சிரித்தார்கள். போகும்போது ஒருத்தி நாற்காலியில் இடித்துக்கொண்டு தடுமாறினாள். “இந்தக் கடை சூப்பைக் குடித்தால் தூக்கம் தள்ளுகிறது, எதையோ கலக்கிறார்கள்” என்று எழுதினாள். மாஸ்டர் அன்னாசிப்பூவைப் பாதியாகக் குறைத்தார். ஒரு பெரியவர் மீன் சாஸைச் சந்தேகப்பட்டார். மாஸ்டர் வேறு பாட்டில் வாங்கினார்.

ஒவ்வொன்றாகக் கழிக்கக் கழிக்கச் சூப்பு வெளிறிப்போனது. சத்தில்லாத சூப்பைக் கொடுக்க அவருக்குக் கை வராது. போன ருசியை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். இருக்கிற ஒரே வழி வெங்காயம். முன்பு பானைக்கு ஆறு வெங்காயம் சுட்டவர் பதினைந்து சுட்டார். மதியம்வரை மட்டும் கனன்ற கரியடுப்பு இப்போது மதியம் தாண்டியும் அவர் கால்மாட்டில் கனன்றது. விடியற்காலை நாலு மணிக்கு வேலைக்குப் போகிறவர் மூன்று மணிக்கே போனார்.

வீட்டில் அவர் பேச்சு குறைந்தது. வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

“சாப்பிட்டுப் படுங்களேன்.”

“வாயெல்லாம் கசக்குது. அந்த மாத்திரைய எடு.”

“காலையில ரெண்டு போட்டீங்க.”

“நீ எண்ணிக்கிட்டே இரு.”

நாக்குக்கும் ஏதோ ஆகிவிட்டது. வீட்டுக் குழம்பை வாயில் வைத்துவிட்டு உப்பில்லை என்றார். அதில் உப்பு தூக்கலாகவே இருந்தது. கடையிலும் உப்பு என்று புகார் வர ஆரம்பித்தது. ஒரு மாலை செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு பாதித் தெரு போய்விட்டார். ரயிலு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து காலையே பார்த்துக்கொண்டு, “எது எந்தக் காலுது?” என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆள் தேறிவிடுவார். காலையில் மெதுவாக எழுந்து, மதியம் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டு, சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரோடு சீட்டாடுவார். “வேலைக்குப் போனாத்தான் ஒங்களுக்குச் சீக்கு” என்றாள் ரயிலு. “சோம்பேறித்தனத்துக்கு ஒரு மாத்திரை இருந்தா வாங்கிக் குடுத்திரலாம்.” அன்று அவரும் சிரித்தார். அந்தப் பேச்சைப் பின்னால் எத்தனையோ தரம் அவள் நினைத்துப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணுக்கு முன்னால் கிடந்ததைக் கேலி பண்ணித் தள்ளிவிட்டிருக்கிறாள்.

மூன்றாவது வாரக் கடைசியில் முதலாளி நட்சத்திரம் படிக்கவில்லை. செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது எழவுக் குரலைவிட மோசமாக இருந்தது.

“மாஸ்டர், நான் சுத்தி வளைக்கலை. நாலரையில இருந்த கடை ரெண்டேமுக்காலுக்கு வந்தாச்சு. இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். ஏறலைன்னா பாக்கெட் சூப்புதான். பொடியைக் கரைச்சா அஞ்சு நிமிஷம். பெரிய பெரிய கடையிலயே அதான் ஓடுது.”

“பொடிக்கு மாஸ்டர் எதுக்கு?” என்றார் மாஸ்டர்.

முதலாளி வேறெங்கோ பார்த்தார். “அதைத்தான் நானும் சொல்ல வரேன்.”

மாஸ்டர் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது, கோபம் என்று எல்லாரும் நினைத்தார்கள். “என் சூப்புல தப்பில்ல” என்றார். திரும்பி நடந்தபோது கதவுக்குப் பதிலாகப் பக்கத்துச் சுவரில் போய்த் தோள் இடித்துக்கொண்டார்.

அன்று மதியக் கூட்டத்துக்கு முன்னால் எதிர்வரிசைத் தையல்காரம்மா கடைக்குள் வந்தாள். கனத்த உடம்பு, கனத்த குரல். கழுத்தில் எந்நேரமும் அளவுநாடா தொங்கும். இரண்டு வருஷமாகத் தினம் ஐந்து பார்சல் வாங்குகிறவள். தனக்கொன்று, தன்னிடம் தைக்கிற நாலு பெண்களுக்கு நாலு. நூடுல்ஸ் தனி, இறைச்சி தனி, சூப்பு தனி டப்பா என்று ரயிலுதான் கட்டிக் கொடுப்பாள்.

“இன்னிக்குப் பார்சல் வேணாண்டி. கடைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறான். பிள்ளைங்களுக்கு லீவு விட்டுட்டேன். உக்காந்து சாப்பிடறேன், எங்க எடம்?”

நாலாம் மேசைதான் காலியாக இருந்தது.

உள்ளே டங், டங் கேட்டது. ரயிலு கிண்ணத்தை எடுத்துவந்து வைத்தாள். துவாரத்துக்குள் குனிந்து, “ஏங்க, தையல்காரம்மா வந்திருக்காங்க. உங்க சூப்புக்கு ரெண்டு வருஷத்துப் பொண்டாட்டி” என்றாள். வழக்கமாக அதற்கு ஒரு பதில் வரும். வரவில்லை. நீராவிக்குள் அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

தையல்காரம்மா நிதானமாகச் சாப்பிட்டாள். நூடுல்ஸ் தீர்ந்தது. சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தாள். சுண்ணாம்பு அடிக்கிறவனைத் திட்டினாள், மருமகளைத் திட்டினாள், மருமகளைப் பெற்றவளைத் திட்டினாள். கூடத்தில் ஏ.சி. ஓடியது; வாசற்கதவு சாத்தியிருந்தது. முக்கால் மணி நேரம் போயிருக்கும். பேசிக்கொண்டே இருந்தவள் நிறுத்தி, அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு நெற்றியைப் பிசைந்தாள்.

“என்னம்மா?”

“தலைய வலிக்குதுடி.”

ரயிலுக்கு நீயுமா என்றிருந்தது. “சூப்புதாங்கறாங்க எல்லாரும். நீங்களும் போய் எழுதுங்க.”

“சூப்பா? கிறுக்கி. ரெண்டு வருஷமா இந்தச் சூப்பைத்தானே குடிக்கிறேன்? நேத்தும் குடிச்சேன், முந்தாநேத்தும் குடிச்சேன். என் பிள்ளைங்க நாலும் குடிக்குது. ஒருத்திக்காவது தலை வலிச்சுதா?”

ரயிலு மூன்று வாரமாக எத்தனை பார்சல் கட்டியிருக்கிறாள்! மருந்துக்கடைக்காரர், பூட்டு ரிப்பேர்காரர், பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்ட ஒருத்தரும் தலைவலி என்று சொல்லவில்லை. அதே பானை. அதே கரண்டி. சொன்னவர்கள் எல்லாரும் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று யோசித்தாள். புத்தக வியாபாரி நாலாம் மேசை. குமட்டல்காரி ஐந்தாம் மேசை. கல்லூரிப் பெண்கள் நாலாம் மேசை. வாசல் பக்கம் ஒன்றாம் மேசையில் உட்காருகிறவர்கள் உப்பைத் தவிர ஒரு குறையும் சொன்னதில்லை.

தையல்காரம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். “எனக்கு இந்த வலி பழக்கம்டி. போன மழையில ஷட்டரை இறக்கிட்டு உள்ள கரி இஸ்திரிப்பெட்டி போட்டோம். அரை நாள். நானும் பிள்ளைங்களும் இப்பிடித்தான் மண்டையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தோம். ஒருத்தி மயக்கமே போட்டுட்டா. டாக்டர் கிழிகிழின்னு கிழிச்சாரு. அடைச்ச ரூம்புல கரி போடுவீங்களா, புகை இல்லைன்னா விஷம் இல்லைன்னு அர்த்தமா அப்படின்னு. இங்க எங்கயாச்சும் கரி போட்டிருக்கா?”

உள்ளே கரண்டி பானையில் பட்டது.

டங்.

ரயிலு இரண்டாவதற்காகக் காத்திருந்தாள். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. ஒன்றாம் மேசைக்காரர் தண்ணீர் கேட்டார். யாரோ செல்போனில் சிரித்தார்கள். இரண்டாவது தட்டல் வரவேயில்லை. கனமாக எதுவோ சரிந்து, கரண்டி தரையில் உருளுகிற சத்தம் கேட்டது.

அவள் கையிலிருந்த கிண்ணங்களை எங்கே வைத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. ஒன்று புதுச் சட்டைக்காரர் ஒருவர் மடியில் இறங்கியது என்று பிற்பாடு சொன்னார்கள்.

சூப்பறைக் கதவைத் தள்ளினாள். மாஸ்டர் வெங்காய மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது, நெஞ்சில் வாந்தி. ஆனால் முகம் ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில் இருப்பதைப் போலச் செக்கச்செவேலென்று களையாக இருந்தது. அந்தக் களைதான் அவளைப் பயமுறுத்தியது. கால்மாட்டில் வாளியடுப்பு. அதன்மேல் வெங்காயங்கள் கறுத்துக்கொண்டிருந்தன. புகையே இல்லை. இத்தனை சுத்தமான நெருப்பை அவள் பார்த்ததில்லை.

“கத்தி! ஓடி வாடா!”

பின்கதவை உதைத்தாள். கம்பிச்சுருள் அதைத் திரும்ப இழுத்து அறைந்தது. எலும்பு வெட்டுகிற கத்தியை எடுத்துச் சன்னல் தகரத்தில் போட்டாள். ஒரு வெட்டு, இரண்டு வெட்டு. மூன்றாவதில் தகரம் மூலையில் பிரிந்தது. நெம்பினாள். உள்ளங்கை கிழிந்தது. சாக்குத்துணி பிதுங்கி விழுந்து, மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சந்துக் காற்று உள்ளே வந்தது. அவளுக்கே கண் இருட்டியது. கத்தி மாஸ்டரின் கக்கத்தில் கை கொடுத்தான், அவள் காலைப் பிடித்தாள். நாலாம் மேசையைத் தாண்டி, வேடிக்கை பார்க்கிறவர்களைத் தாண்டி இழுத்து வந்தார்கள். தையல்காரம்மா வாசற்கதவைத் தன் உடம்பால் திறந்து பிடித்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள்.

“என்னாச்சு? என்னாச்சு?” என்று முதலாளி கூடவே ஓடிவந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏம்மா, பின்பக்கமா எடுத்துட்டுப் போயிருக்கலாமே” என்றார்.

மாஸ்டர் பிழைத்துக்கொண்டார். ஒரு இரவும் ஒரு பகலும் மூக்கில் முகமூடி போட்டு ஆக்சிஜன் ஏற்றினார்கள். இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் தன்னிடம் கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். மூன்று வாரமாகத் தினமும் கரியின் விஷவாயுவை மூச்சில் இழுத்திருக்கிறார், மூளையில் என்னென்ன திரும்பும், என்னென்ன திரும்பாது என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

மூன்றாம் நாள் அவர் பேசினார். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, அந்தப் பேர் சரிதானா என்று அவள் முகத்தில் தேடினார்.

“நான்தான். சொல்லுங்க.”

“சூப்பு…” என்றார். வெகு நேரம் தேடி அடுத்த வார்த்தையைப் பிடித்தார். “தப்பா?”

“இல்லைங்க. சூப்பு மேல தப்பே இல்ல.”

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பக் கேட்டார். அவளும் திரும்பச் சொன்னாள். அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது தரம் கேட்டார். ஒன்பது தரமும் அவருக்கு அது புதுச் சேதியாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து, அவருடைய செருப்பையும் மாற்றுச் சட்டையையும் எடுத்துவர ரயிலு கடைக்குப் போனாள். மதியம் ஒரு மணி. சந்து வழியாகப் போனாள். பின்கதவுக்குப் பக்கத்தில் அரைச் செங்கல் எறிந்த இடத்திலேயே கிடந்தது. சந்தில் கருகல் வாசனை இல்லை. அது இல்லாதது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நிமிர்ந்து சன்னலைப் பார்த்தாள். புதுத் தகரம். பழையதைவிடத் தடிமன்.

கூடத்துக்குள் போனாள். கூட்டம் பரவாயில்லை. கத்தி அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு தழையை நறுக்கினான்.

“வாம்மா, வா” என்று முதலாளி எழுந்து வந்தார். “மாஸ்டர் எப்படி இருக்காரு? ஒண்ணும் கவலைப்படாதே, வேற ஆள் கெடைச்சிட்டாரு. அவர் கைப்பக்குவம் அளவுக்கு வராது, ஆனாலும்…”

“சன்னலை மூடியிருக்கீங்க.”

“ரெண்டு நாளைக்குத்தாம்மா. காத்தை வெளிய தள்ற காத்தாடிக்குச் சொல்லியிருக்கேன், நாளான்னிக்கு வந்திரும். சந்துக்காரங்க மறுபடியும் எழுதிட்டாங்க. இந்தத் தடவை மூணு பேரு.”

“கரி?”

“வெங்காயம் கொஞ்சந்தான் போடறாரு. அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், ரொம்பக் குனியாதீங்கன்னு. உங்க வீட்டுக்காரர் அடுப்புக்கு மேலயே குனிஞ்சு குனிஞ்சு நிப்பாரு, அதான்…”

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன அத்தனையும் இந்த மனுஷருக்கும் போனில் சொல்லப்பட்டிருந்தது. காதில் விழுந்ததில் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். முதலாளி கெட்டவர் என்று அவளால் நினைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து பழம் கொடுத்துவிட்டுக் கண் கலங்கியவர்தான். கண் கலங்கிய கையோடு போய்த் தகரத்துக்கு அளவு கொடுத்திருக்கிறார்.

உள்ளே தட்டல் கேட்டது. டங், டங். மாஸ்டர் பழக்கம் கடைக்குப் பழக்கமாகி, வந்தவனும் அதையே தட்டுகிறான். அவள் உடம்பு தானாகத் திரும்பியது. துவாரத்தில் யாரென்று தெரியாத ஒருவனுடைய கை கிண்ணத்தை நீட்டியது. அந்தக் கை லேசாக ஆடியது. சூப்பு விளிம்பில் தளும்பி மேசையில் சிந்தியது.

நாலாம் மேசையில் ஒரு அப்பாவும் பள்ளிச் சீருடையில் அவர் மகளும். பெண்ணுக்கு எட்டு வயசிருக்கும். கிண்ணத்தில் பாதி மிச்சமிருக்க, கன்னத்தை மேசையில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கன்னம் நல்ல சிவப்பு. அப்பா நெற்றியைப் பிசைந்துகொண்டே அவளைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்.

ரயிலு செருப்பை மறந்தாள். நேரே வாசலுக்குப் போய்க் கதவை அகலத் திறந்து, ஒரு நாற்காலியை இழுத்து முட்டுக்கொடுத்தாள். முதலாளி “ஏம்மா, ஏ.சி.!” என்று பின்னால் வந்தார். அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டுத் துவாரத்துக்கு வந்தாள்.

“அண்ணே, அடுப்பை விட்டுட்டு வெளிய வாங்க. இப்பவே.”

உள்ளே இருந்து பதிலில்லை. “கத்தி, போய் அவரைக் கூட்டிட்டு வா” என்றாள். கத்தி முதலாளியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு கையிலிருந்ததைப் பலகையில் போட்டுவிட்டுச் சூப்பறைக்குள் ஓடினான்.

நாலாம் மேசைக்காரர் அவளை அண்ணாந்து பார்த்தார். எரிச்சல் அவர் கண்ணில் இருந்தது. ஆனால் அதைச் சேர்த்துப் பிடிக்கத் தெம்பில்லை.

“ஏங்க, இந்தச் சூப்புல என்னத்தைத்தான் போடறீங்க?”

“சூப்புல ஒண்ணுமில்லைங்க. அது நல்ல சூப்பு” என்றாள் ரயிலு. பெண்ணை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். “நீங்க மொதல்ல எந்திரிங்க.”